தீம் பார்க் டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ரெஸ்ட்டுக்கு நாள் ஒதுக்குங்க

மே மாச லீவுக்கு பசங்கள தீம் பார்க் கூட்டிட்டு போயிட்டு, அப்படியே ஈசிஆர்ல ஒரு ரிசார்ட்ல தங்கி ரெஸ்ட் எடுத்துட்டு வரலாம்னு ப்ளான் போடுற குடும்பம் சென்னைல நிறைய இருக்கும். நாங்களும் அதே மாதிரி தான் போட்டோம். அதுல எனக்கு 20,000 ரூபாய்க்கு மேல வீணா போச்சு. பணம் போனா சம்பாதிச்சுக்கலாம், ஆனா அந்த ராத்திரி நான் பட்ட பயம் இருக்கே, அது வேற யாருக்கும் வரக்கூடாதுன்னு தான் உக்காந்து இவ்ளோ நீளமா டைப் பண்றேன். போறதுக்கு முன்னாடி நானும் நிறைய தேடிப் பாத்தேன், எந்த ரைடு சூப்பரு, எந்த கார்டுல ஆஃபரு, இது தான் கிடைச்சுது. சின்னக் குழந்தையும் வயசானவங்களும் இருக்குற குடும்பம் பார்க்கையும் ரெஸ்ட்டையும் எப்படி அடுக்கணும்னு ஒருத்தரும் சொல்லல. அதனால நடந்தத நடந்த வரிசைலயே சொல்றேன்.

நாங்க இருக்குறது கொளத்தூர். நானு, வீட்டம்மா, எட்டாவது முடிச்ச பையன், ரெண்டாவது முடிச்ச பொண்ணு, கூட எங்கம்மா. அம்மாவுக்கு 68 வயசு, சுகருக்கு இன்சுலின் போடுறாங்க, முட்டி வலி வேற. வீட்டம்மா ஒரு ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸ், அவளுக்கு சேந்தாப்ல லீவு கிடைக்கிறதே பெரிய விஷயம். அதனால கிடைச்ச நாள்ல எல்லாத்தையும் முடிச்சிடணும்னு வீட்ல எல்லாரும் சேந்து போட்ட கணக்கு இது: முதல் நாள் ஒரு வாட்டர் பார்க், அன்னிக்கு நைட்டு ரிசார்ட்டு, மறுநாள் இன்னொரு பார்க், அதுக்கு அடுத்த நாள் ரெஸ்ட் எடுத்துட்டு வீட்டுக்கு. பேப்பர்ல எழுதி பாக்குறப்ப ரொம்ப அழகா தான் இருந்துச்சு. சென்னைல பார்க்குக்கும் பஞ்சமில்ல, ஈசிஆர்ல விஜிபி, முட்டுக்காடு பக்கம் எம்ஜிஎம், பூந்தமல்லி தாண்டினா குயின்ஸ்லேண்ட், 2025 டிசம்பர்ல இருந்து திருப்போரூர் பக்கம் இள்ளலூர்ல வொண்டர்லா வேற வந்துருச்சு. நான் சின்னப் பையனா இருக்குறப்ப தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா போறதுக்கு ஒரு வருஷம் கெஞ்சணும், இப்போ பசங்களுக்கு எது வேணும்னு செலக்ட் பண்றதுலயே சண்ட. நாங்க எந்த பார்க் போனோம், எந்த ரிசார்ட்ல தங்கினோம்னு நான் சொல்லப்போறதில்ல. எங்க போயிருந்தாலும் இந்த வெயில்ல இப்படி அடுக்கினா இது தான் நடந்திருக்கும்.

கிளம்புறதுக்கு முந்தின நாள் சாயந்திரம் வீட்டம்மாவோட லீவு கேன்சல் ஆச்சு, வார்டுல கூட வேலை பாக்குறவங்களுக்கு திடீர்னு முடியாம போச்சு. டிக்கெட் எல்லாம் ஆன்லைன்ல போட்டாச்சு, ரிசார்ட்டுக்கு ஃபுல் பேமெண்ட் பண்ணியாச்சு, பசங்க பேக் கட்டி வாசல்ல வச்சிட்டாங்க. "நீங்க கூட்டிட்டு போங்க, பசங்க ஏமாந்துடும்"னு அவளே தான் சொன்னா. அங்க ஆரம்பிச்சுது. ரெண்டு பெரியவங்க பாத்துக்குற மாதிரி போட்ட ப்ளான ஒரு ஆளு சுமக்குறதுன்னா என்னன்னு அப்புறம் தான் புரிஞ்சுது. ஒரு பெரியவர் குறைஞ்சா அந்த டூர்ல இருந்து ஒரு நாள குறைச்சே ஆகணும், டிக்கெட் காசு போனாலும் பரவால்ல. இத யாராவது அன்னிக்கு சாயந்திரம் ஃபோன் பண்ணி சொல்லிருந்தா நான் கேட்டிருப்பேன்.

முதல் நாள் கொளத்தூர்ல இருந்து காலைல கிளம்பி, டிராஃபிக்ல ஊர்ந்து, பார்க் வாசல் போய் சேரவே பதினொன்னு ஆச்சு. கேட்ல பேக் செக் பண்ணாங்க, வெளி சாப்பாடு நாட் அலவ்ட். அம்மாவுக்குன்னு கட்டிட்டு போன புளிசாதம், தயிர்சாதம், சுண்டல் எல்லாத்தையும் வெளிய வச்சிட்டோம். சுகர் பேஷன்ட்டுன்னு சொன்னதுக்கு ப்ரிஸ்கிரிப்ஷன் இருக்கான்னு கேட்டாங்க. வீட்டம்மாவுக்கு ஃபோன் போட்டு, அவ வாட்ஸப்ல அனுப்பின ஃபோட்டோவ காட்டினப்புறம் பிஸ்கட்டு, குளுக்கோஸ், இன்சுலின் பேனா இதுக்கு மட்டும் விட்டாங்க. வயசானவங்கள கூட்டிட்டு போறவங்க டாக்டர் சீட்ட ஃபோன்லயும் வைங்க, ஒரு ஜெராக்ஸும் எடுத்து பேக்ல போடுங்க. வெயில்ல நிக்கிற கார்ல இன்சுலின விட்டுட்டு போகாதீங்க, உள்ள அடுப்பு மாதிரி காயும், மருந்து வேலைக்கு ஆகாது.

அடுத்தது காஸ்ட்யூம். காட்டன் டிரஸ்ஸோட தண்ணில இறங்க விடமாட்டாங்க, நைலான் லைக்ரா தான். காட்டன் தண்ணிய இழுத்து கனம் ஏறிடும், நூல் பிரிஞ்சு ஃபில்டர்ல அடைச்சுக்கும்னு காரணம் சொல்றாங்க, நியாயம் தான். ஆனா அங்க உள்ள கடைல வாங்குனதுல 2,400 ரூபா போச்சு, அதே சாமான் டி.நகர்லயோ பாரிஸ் கார்னர்லயோ பாதி காசுக்கு கிடைச்சிருக்கும். காசு கூட பெருசில்ல, பொண்ணுக்கு டிரஸ் மாத்துறது தான் என்னை கலங்க வச்சிடுச்சு. லேடீஸ் சேஞ்சிங் ரூம்குள்ள நான் போக முடியாது, ஜென்ட்ஸ் பக்கம் ஏழு வயசு பொண்ண கூட்டிட்டு போக மனசு வரல, உள்ள ஈரத்தரை வழுக்கும்னு அம்மா முட்டிய புடிச்சிட்டு வரத் தயங்குறாங்க. கடைசில அங்க க்ளீனிங் வேலை பாக்குற அக்கா ஒருத்தங்க என் மொகத்த பாத்துட்டு, "பாப்பாவ இங்க குடு சார், நான் பாத்துக்குறேன், அம்மாவ கைய புடிச்சு கூட்டிட்டு வரேன்"ன்னு ரெண்டு பேரையும் உள்ள கூட்டிட்டு போனாங்க. அவங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கேன். அப்பா மட்டும் பொண்ணுங்கள கூட்டிட்டு போறதா இருந்தா, அம்மா மட்டும் பெரிய பையன கூட்டிட்டு போறதா இருந்தாலும் சரி, வீட்லயே காஸ்ட்யூம உள்ள போட்டு மேல ஒரு ஃப்ராக்கோ டீஷர்ட்டோ போட்டுட்டு கிளம்பிடுங்க. திரும்பி வர்றப்ப தொளதொளன்னு ஒரு நைட்டி இருந்தா அதுக்குள்ள நின்னே குழந்தைங்க டிரஸ் மாத்திக்கும். பாத்ரூம் கூட்டிட்டு போறதுக்கும் இதே பிரச்சன தான், ஒவ்வொரு தடவையும் அம்மா எழுந்து வரவேண்டியதா போச்சு.

ரைடு விஷயத்துல ஒன்னு. நிறைய பார்க்ல சின்ன டிக்கெட்டா பெரிய டிக்கெட்டான்னு முடிவு பண்றது வயச வச்சு இல்ல, உயரத்த வச்சு. பெரிய ரைடுக்கும் அதே தான், 140 சென்டிமீட்டர்னு ஒரு கோடு போட்டு வச்சிருப்பாங்க. என் பொண்ணு 118 சென்டிமீட்டர். அண்ணன் போறதுல எல்லாம் தானும் போலாம்னு வீட்லேர்ந்து கனவோட வந்தவ, ஒவ்வொரு ரைடு வாசல்லயும் அளவு கம்பு கிட்ட போய் நின்னு, குதிகால தூக்கி, முடிய மேல இழுத்து கட்டிப் பாத்து, "இல்ல பாப்பா"ன்னு சொன்னதும் ஒன்னும் பேசாம என் கைய வந்து புடிச்சுக்கிட்டா. வீட்லயே செவுத்துல டேப் வச்சு அளந்து, வெப்சைட்ல எது எதுக்கு எவ்ளோ உயரம்னு பாத்து, "உனக்கு இது இது"ன்னு முன்னாடியே பேசிட்டு போனா குழந்தைக்கு அந்த வலி இல்ல.

பையன் தனியா பெரிய ரைடு போகணும்னான், அதுக்கு லைன்ல நான் கூட நிக்கணும், பொண்ண அம்மா கிட்ட விட்டுட்டு போனேன். ஃபோன் லாக்கர்ல. மதியம் ஒரு மணி வாக்குல லைன்ல போய் நின்னோம், முக்கால் மணி நேரத்துக்கு மேல ஆச்சு. திரும்பி வந்தா அம்மா பெஞ்சுல சாஞ்சு உக்காந்திருக்காங்க, நெத்தியெல்லாம் வேர்வ, கை நடுங்குது, என்னை பாத்து "என்னடா, ஏன்டா"ன்னு கோர்வையில்லாம பேசுறாங்க. பக்கத்துல இருந்த ஒரு அம்மா அவங்க பேரனுக்கு வாங்கின ஜூஸ குடுத்துக்கிட்டு இருந்தாங்க. காலைல வழக்கம் போல இன்சுலின் போட்டாச்சு, மதிய சாப்பாடு லேட்டு, சுகர் இறங்கிடுச்சு. வெயில்ல எல்லாருக்கும் வேர்க்குதுல்ல, அதனால லோ சுகர்ல வர்ற வேர்வைய யாரும் தனியா கவனிக்க மாட்டோம், பயங்கரமான விஷயம் இது. வீட்டம்மா எப்பவோ சொல்லி குடுத்தது ஞாபகம் வந்து மூணு ஸ்பூன் குளுக்கோஸ தண்ணில கலக்கி குடுத்தேன், பதினஞ்சு நிமிஷம் பக்கத்துலயே உக்காந்து பாத்தேன், நடுக்கம் நின்னதுக்கப்புறம் சாப்பிட கூட்டிட்டு போனேன். ஆள் மயங்கிட்டா மட்டும் வாயில எதையும் ஊத்தக் கூடாது, 108 தான் கூப்பிடணும்.

இதுல முக்கியமா சொல்லணும்னா, ரைடு போகாத ஆளுக்கும் நாம ஃபுல் டிக்கெட் போட்டு கூட்டிட்டு போறோம், ஆனா அவங்க நாள் எப்படி போகும்னு யாரும் யோசிக்கிறதில்ல. அம்மா அன்னிக்கு காலைலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் பார்த்தது எங்க செருப்பையும் பேக்கையும் தான். பேரப்பசங்க சந்தோஷமா இருந்தா போதும்னு அவங்க சொல்லுவாங்க, எல்லா பாட்டியும் அதத்தான் சொல்லுவாங்க, அத நம்பி கூட்டிட்டு போகாதீங்க. பார்க் நாள் அன்னிக்கு பெரியவங்க ரூம்லயோ வீட்லயோ இருக்கட்டும். அவங்களுக்குன்னு வேற ஒரு நாள வைங்க.

பொண்ணு சின்னப் பசங்க பூல்ல இருந்து வெளியவே வரல. தண்ணிக்குள்ள இருக்குற குழந்தைக்கு தாகம் தெரியாது, வேர்க்குறதும் தெரியாது, உடம்பு குளுந்து இருக்குற மாதிரியே இருக்கும், ஆனா மேல வெயில் உறிஞ்சிக்கிட்டே இருக்கும். மதியம் சாப்பாட்டுக்கு பதிலா ஒரு ஐஸ்க்ரீம், ரெண்டு வாய் ஃப்ரைடு ரைஸ். பூலுக்கும் பூலுக்கும் நடுவுல சிமெண்ட் தரைல வெறுங்கால்ல ஓடி ஓடி, சாயந்திரம் பாத்தா பாதத்துல பட்டாணி சைஸ்ல கொப்புளம். வாட்டர் ஷூன்னு ரப்பர்ல விக்கிறாங்க, எனக்கு அப்படி ஒன்னு இருக்குறதே அப்போ தெரியாது. வாங்கிடுங்க.

வெயில் பத்தி ஒன்னு சொல்லிடுறேன். கத்திரி மே 4 வாக்குல ஆரம்பிச்சு மாசக் கடைசில முடியும், முடிஞ்சதும் குறைஞ்சிடும்னு நாம நினைச்சுக்குறோம், ஆனா நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி அடிச்சது 2003 மே 31 அன்னிக்கு. நம்ம ஊருக்கு மதியத்துக்கு மேல கடல் காத்து வந்து தான் காப்பாத்தும், மேல்காத்து பலமா இருக்குற நாள்ல அது லேட்டா தான் உள்ள வரும், அன்னிக்கு பன்னண்டுலேர்ந்து மூணு வரைக்கும் திறந்த வெளில நிக்கவே முடியாது. கிளம்புறதுக்கு முந்தின நாள் வானிலை பாருங்க, வெப்ப அலைன்னு எச்சரிக்க இருந்தா தேதிய மாத்திடுங்க.

ஆறு மணிக்கு வெளிய வந்து, ஈரத்தோட கார்ல ஏறி, ரிசார்ட் போய் சேர்றப்ப ஏழரை. ஸ்விம்மிங் பூல் ஏழு மணியோட மூடிட்டாங்க. பசங்க அழுதுச்சுங்க. இங்க தான் அந்த பணக் கணக்க பாக்கணும். ஒரு நாளைக்கு 7,000 ரூபா ரூமு, செக்-இன் மதியம் ஒரு மணி, செக்-அவுட் காலைல பதினொன்னு. பார்க் முடிச்சுட்டு ராத்திரி போய் படுத்துட்டு, காலைல எழுந்து அடுத்த பார்க்குக்கு ஓடினா அந்த 7,000 குளிக்கிறதுக்கும் தூங்குறதுக்கும் தான். கடல், பூலு, தோட்டம், ஊஞ்சல்னு எதுக்காக அந்த ரேட்டு குடுத்தோமோ அது எதுவுமே கண்ணுல படாது. பார்க் நாள் ராத்திரிக்கு ரிசார்ட் எடுத்தா, மறுநாளும் அதே ரிசார்ட்ல பகல் முழுக்க இருக்குற மாதிரி தான் எடுக்கணும். இல்லன்னா பார்க் முடிச்சுட்டு நேரா வீட்டுக்கு வந்து சொந்த பாய்ல படுக்குறது எவ்வளவோ மேல்.

பொண்ணு ராத்திரி சாப்பிடல. தூங்கிட்டான்னு நினைச்சேன். பத்து மணிக்கு மேல வாந்தி, அடுத்து அடுத்து மூணு தடவ, உடம்பு கொதிக்குது, தலை வலிக்குதுப்பான்னு முனகுறா. டூட்டில இருந்த வீட்டம்மாவுக்கு ஃபோன் போட்டேன். அவ கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்போங்க ஒன்னுக்கு போனா?" அம்மாவ எழுப்பி கேட்டேன், மதியத்துக்கு முன்னாடின்னாங்க. "நாக்க பாருங்க, ஈரமா இருக்கா?" காஞ்சு கிடந்துச்சு. "உடனே தூக்கிட்டு போங்க, யோசிக்காதீங்க"ன்னா. ஆறு மணி நேரத்துக்கு மேல குழந்தை ஒன்னுக்கு போகலன்னா, போனாலும் கடும் மஞ்சளா இருந்தா, அது உடம்புல தண்ணி வத்திப்போன அறிகுறி, இத எல்லா அப்பனும் ஆத்தாளும் மனசுல வச்சுக்கணும். காய்ச்சலோட பேச்சு குழறுச்சுன்னா, குழப்பமா இருந்துச்சுன்னா, அது ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்கலாம், ஒரு நிமிஷம் கூட தள்ளிப்போடாதீங்க.

எல்லாரையும் கூட்டிட்டு போகவும் முடியாது, அம்மாவ தனியா விடவும் பயம். பையன எழுப்பினேன். "பாட்டிக்கு வேர்த்தாலோ நடுங்கினாலோ இந்த குளுக்கோஸ கலக்கி குடு, எனக்கு ஃபோன் பண்ணு, ரிசப்ஷனுக்கு ஒன்பதாம் நம்பர் அழுத்து"ன்னு சொல்லிட்டு பொண்ண பின் சீட்ல படுக்க வச்சு கிளம்பினேன். ஈசிஆர்ல ராத்திரி அந்த நேரத்துல எங்க டாக்டர் இருக்காங்கன்னு தெரியாது, மேப்ஸ்ல முதல்ல காட்டின கிளினிக் பூட்டி இருந்துச்சு. கோவளத்துலேர்ந்து கேளம்பாக்கம் போற ரோட்ட புடிச்சு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரில சேத்தேன். ரூம் போட்ட உடனே செய்ய வேண்டிய வேல, இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்குற ஆஸ்பத்திரி பக்கத்துல எதுன்னு ரிசப்ஷன்ல கேட்டு ஃபோன்ல குறிச்சு வச்சுக்குறது. எனக்கு அன்னிக்கு அதுல மட்டும் அரை மணி நேரம் போச்சு, அந்த அரை மணி நேரம் முழுக்க பின்னாடி திரும்பி திரும்பி அவ மூச்சு விடுறாளான்னு பாத்துக்கிட்டே ஓட்டினேன்.

வெயில்ல உடம்பு நீர் வத்தியிருக்கு, சமயத்துல வந்துட்டீங்கன்னு டாக்டர் சொன்னாங்க. ட்ரிப்ஸ் ஏத்தி, காய்ச்சல் இறங்கி, அவ பாத்ரூம் போகணும்பான்னு சொன்னப்ப எனக்கு கண்ணு நிறைஞ்சிடுச்சு. பில்லு 4,300. அந்த டாக்டர் பொறுமையா சொல்லி குடுத்தது: ஓஆர்எஸ் பாக்கெட்ட முழுசா ஒரு லிட்டர் தண்ணில கலக்கணும், ஒரு டம்ளர்ல கொஞ்சம் கொட்டி கலக்கக் கூடாது, கலக்கினத ஒரு நாளைக்கு மேல வச்சுக்கக் கூடாது. பாக்கெட் இல்லன்னா ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணில ஆறு டீஸ்பூன் சர்க்கர, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி. கடைல டெட்ரா பேக்ல விக்கிற இனிப்பு ட்ரிங்க் எல்லாம் அதுக்கு சமம் இல்ல, உலக சுகாதார நிறுவனத்தோட ஃபார்முலா இல்லாததுக்கு ஓஆர்எஸ்னு பேர் போடவே கூடாதுன்னு உணவுப் பாதுகாப்ப கவனிக்கிற மத்திய அமைப்பு எஃப்எஸ்எஸ்ஏஐ 2025 அக்டோபர்ல உத்தரவு போட்டிருக்கு. பார்க் போறப்ப பேக்ல நாலு பாக்கெட் போட்டுக்கோங்க, குழந்தை கேட்டாலும் கேக்கலன்னாலும் அரை மணிக்கு ஒரு தரம் தண்ணிய விட்டு வெளிய கூப்பிட்டு குடிக்க வைங்க.

விடியக்காலம் நாலு மணிக்கு ரூமுக்கு திரும்பினா, பையன் அம்மா கட்டில் பக்கத்துல சேர போட்டு உக்காந்திருக்கான், கைல குளுக்கோஸ் பாக்கெட்ட கசங்க புடிச்சிருக்கான், கண்ணு செவந்து போயிருக்கு. "பாட்டிக்கு வேர்க்கவே இல்லப்பா, நான் தொட்டு தொட்டு பாத்தேன்"ன்னான். பதிமூணு வயசு பையன் லீவுல பண்ண வேண்டிய காரியமா அது.

மறுநாள் பார்க் டிக்கெட் அப்படியே போச்சு, வீட்டம்மாவுக்கும் சேத்து போட்டது, 6,000 ரூபா. முதல் நாளும் அவ டிக்கெட் 1,300 வீண். கேட்டதுக்கு ரீஃபண்ட் கிடையாது, தேதி மாத்தணும்னா முன்கூட்டியே சொல்லிருக்கணும்னாங்க. டிக்கெட் போடுறப்ப தேதி மாத்திக்கிற வசதி இருக்கான்னு பாத்து போடுங்க, நூறு இருநூறு கூட ஆனாலும் அத போடுங்க. ரெண்டாவது பார்க் டிக்கெட்ட முன்னாடியே போடாதீங்க, முதல் பார்க் போயிட்டு வந்து உடம்பு எப்படி இருக்குன்னு பாத்துட்டு போட்டுக்கலாம், கூட்டம் இல்லாத வார நாள்ல கவுண்டர்லயே கிடைக்கும்.

அன்னிக்கு பதினோரு மணி வரைக்கும் எல்லாரும் தூங்கினோம். அப்புறம் பையன் பூல்ல இறங்கினான், பொண்ணு நிழல்ல உக்காந்து கஞ்சி குடிச்சுக்கிட்டே அவன வேடிக்க பாத்தா, அம்மா ஊஞ்சல்ல. சாயந்திரம் கடற்கரைல கால் நனைச்சோம், அவ்ளோ தான். இடுப்பளவு கூட இறங்க விடல, ஈசிஆர் கடல் பாக்க சாதுவா இருக்கும், அடில இழுப்பு ஜாஸ்தி, களைச்சுப்போன உடம்போட இறங்கவே கூடாது. வீட்டுக்கு திரும்புற நாள் காலைல அம்மாவுக்காக முட்டுக்காடு தக்ஷிணசித்ரா போனோம், பழைய காலத்து வீடுங்க, கைத்தொழில் எல்லாம் வச்சிருக்குற மியூசியம். பையன் முதல்ல மூஞ்ச தூக்கி வச்சிருந்தான், பான செய்யுற இடத்துல சக்கரத்துல கை வச்சதும் நகரவே இல்ல. அம்மா செட்டிநாட்டு வீட்டு திண்ணைல உக்காந்து, அவங்க தாத்தா வீட்ல நெல்லு கொட்டி வச்ச கதைய பேத்திக்கு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. மொத்த லீவுலயும் அம்மா தனக்காக வாய் திறந்து பேசினது அங்க தான். ஒன்னு கவனிங்க, தக்ஷிணசித்ராவுக்கு செவ்வாய் லீவு, வண்டலூர் ஜூவுக்கும் செவ்வாய் லீவு, முதலைப் பண்ணைக்கு திங்கள் லீவு. ரெஸ்ட் நாள அங்க வைக்கிறதா இருந்தா கிழமைய பாத்து வைங்க.

இதுக்கப்புறம் ஸ்கூல் திறக்குறதுக்குள்ள மறுபடியும் ஒரு பார்க் போனோம், ஏன்னா பசங்களுக்கு அந்த பயத்தோட லீவு முடியக் கூடாதுன்னு வீட்டம்மா நினைச்சா. இந்த தடவ முதல்ல காலண்டர்ல மறுநாள வட்டம் போட்டோம், அன்னிக்கு யாரும் எங்கயும் போகக்கூடாது, சமையல் கூட வேண்டாம், பக்கத்து மெஸ்ல வாங்கிக்கலாம்னு. அதுக்கப்புறம் தான் பார்க் தேதி. அம்மாவுக்கு துணையா சித்தி வந்து வீட்ல இருந்தாங்க. புதன்கிழம போனோம், லைன் பாதி கூட இல்ல. உள்ள போனதும் வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வெளில இருக்குற ட்ரை ரைடெல்லாம் முடிச்சோம், கூட்டம் வர்றதுக்கு முன்னாடி பன்னண்டு மணிக்கே சாப்பாடு, மதியம் கூரைக்கு அடில இருக்குற ரைடு, நிழல்ல ஒரு மணி நேரம் சும்மா உக்காந்தது, மூணு மணிக்கு மேல தான் தண்ணி. இப்படி போனா டிரஸ் ஒரே ஒரு தடவ தான் மாத்தணும். ஃபோன் லாக்கர்ல இருக்குறதால, ஒவ்வொரு மணிக்கும் இந்த மரத்தடில எல்லாரும் வந்து நிக்கணும்னு பேசி வச்சுக்கிட்டோம், பொண்ணு கைல என் நம்பர பேனால எழுதி விட்டோம். நாலரைக்கு கிளம்பிட்டோம். பையன் இன்னும் கொஞ்ச நேரம்னு கெஞ்சினான், ஆனா வர்ற வழில தூங்காம பேசிக்கிட்டே வந்தான், அது எனக்கு போதுமா இருந்துச்சு. ஆக்டிங் டிரைவர் போட்டிருந்தோம், ஆயிரத்து சொச்சம் ஆச்சு. நாள் முழுக்க வெயில்ல நின்னுட்டு சாயந்திர டிராஃபிக்ல ஈசிஆர்லேர்ந்து கொளத்தூர் வரைக்கும் நானே ஓட்டுறதுக்கு அந்த காசு தாராளமா குடுக்கலாம். நானும் பின் சீட்ல பசங்களோட உக்காந்து வந்தேன், லீவுன்னா எனக்கும் தானே.

மறுநாள் மத்தியானம் வரைக்கும் வீட்ல ஒரு சத்தம் இல்ல. எழுந்து நுங்கு வாங்கிட்டு வந்து சாப்பிட்டோம், பசங்க கேரம் ஆடினாங்க. முந்தின நாள் ரைடு ஒவ்வொன்னையும் அன்னிக்கு தான் எங்கம்மாவுக்கு கை கால ஆட்டி நடிச்சு காட்டினாங்க. முதல் டூர்ல அதுக்கெல்லாம் நேரமே இல்ல, ஒரு பார்க் முடிஞ்சதும் அடுத்த பார்க்கு மண்டைல ஓடிடுச்சு.

இப்போ பையன் பெங்களூரு வொண்டர்லா கேக்குறான், மைசூர் ரோட்ல பிடதி கிட்ட இருக்கு, பார்க் உள்ளயே ரிசார்ட்டும் இருக்கு. பகல் ட்ரெயின்ல போறது, அன்னிக்கு பார்க் கிடையாது. மறுநாள் பார்க், அதுக்கு மறுநாள் அங்கயே சும்மா, நாலாம் நாள் ஊருக்கு. வீட்டம்மாவோட லீவு லெட்டர்ல கையெழுத்து விழுந்தப்புறம் தான் ட்ரெயின் டிக்கெட்டே போடுறதுன்னு பேசி வச்சிருக்கோம். எங்கம்மா அந்த வாரம் சித்தி வீட்ல இருக்கேன்னு அவங்களாவே சொல்லிட்டாங்க, திரும்பி வந்ததும் அவங்கள ஒரு நாள் காஞ்சிபுரம் கூட்டிட்டு போறதா இருக்கேன், பசங்க இல்லாம.